மதியத்தில் மட்டும் தடம் தவறும் இயந்திரம்: ஸ்டெப்பர் மோட்டார் டிரைவரும் வெப்பமும்

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரங்களில், ஒரு காலத்தில் ரப்பர் ஷீட்டும் சைக்கிள் உதிரிபாகமும் விற்ற கடைவீடுகளில் இன்று கணினிக் கட்டளைப்படி வெட்டும் சிறிய சிஎன்சி ரூட்டர்கள் ஓடுகின்றன. பெயர்ப்பலகை எழுத்து, அக்ரிலிக் அலங்காரம், தைப்பூசம் நெருங்கினால் காவடிக்கான வளைவுகள் என்று வேலைக்குப் பஞ்சமில்லை. சில தமிழ்ப்பள்ளிகளில் முப்பரிமாண அச்சு இயந்திரமும் வந்துவிட்டது. இவற்றை ஓட்டுபவர்கள் சொல்லும் புகார் பெரும்பாலும் ஒன்றுதான்: காலையில் ஒழுங்காக வெட்டும் இயந்திரம் மதியம் இரண்டு மணிக்கு மேல் எழுத்தை அரை சென்டிமீட்டர் தள்ளி வெட்டுகிறது. அணைத்துவிட்டுத் தேநீர் குடித்து வந்தால் சரியாகிவிடுகிறது. கால் மணி நேரத்தில் மறுபடியும் அதே கதை.

தொட்டுப் பார்த்தால் மோட்டார் சுடுகிறது. ஆகவே மோட்டார்தான் கெட்டது என்று முடிவு செய்து புதியதை வாங்கி மாட்டுகிறார்கள். குறை தீர்வதில்லை. சூடு பிரச்சினைதான், ஆனால் பார்க்க வேண்டிய சூடு பெரும்பாலும் மோட்டாரில் இல்லை, அதை இயக்கும் டிரைவர் என்ற விரல்நகம் அளவுச் சிப்பில் இருக்கிறது. அந்தச் சிப்பின் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்தால், விசிறி வாங்குவதற்கு முன்பே பாதி வேலை முடிந்துவிடும்.

## நின்றுகொண்டே மின்சாரம் இழுக்கும் மோட்டார்

சாதாரண மோட்டாரை நிறுத்திவிட்டால் மின்சாரம் எடுக்காது. இந்த இயந்திரங்களில் உள்ள ஸ்டெப்பர் மோட்டாரின் பிழைப்பே வேறு. அதனுள் இரண்டு சுருள்கள் உண்டு. அவற்றில் ஓடும் மின்னோட்டத்தை ஒழுங்கான வரிசையில் மாற்றினால் அச்சு ஒவ்வொரு படியாகத் திரும்பும். வழக்கமான மோட்டாரில் ஒரு படி 1.8 டிகிரி, ஒரு முழுச் சுற்றுக்கு 200 படிகள். அச்சை ஓர் இடத்தில் பிடித்து நிறுத்தவும் சுருளில் மின்னோட்டம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். எனவே, இயந்திரம் சும்மா நிற்கும்போதும் மோட்டாரும் அதன் டிரைவரும் சூடாகிக்கொண்டிருக்கும்.

சிறிய இயந்திரங்களில் அதிகம் காணப்படும் நேமா 17 மோட்டாரை எடுத்துக்கொள்வோம். 17 என்பது 1.7 அங்குல, அதாவது ஏறத்தாழ 42 மில்லிமீட்டர் முகத்தைக் குறிக்கிறது, வலுவைக் குறிப்பதில்லை. அதன் சுருளின் மின்தடை பொதுவாக 1.5 ஓம் அளவில் இருக்கும். 1.5 ஆம்பியர் ஓட்ட இரண்டே கால் வோல்ட் போதும். பிறகு ஏன் 24 வோல்ட் பவர் சப்ளை? சுருளில் மின்னோட்டம் உடனே ஏறிவிடாது. வேகமாக ஏற்ற அதிக அழுத்தம் வேண்டும். டிரைவர் 24 வோல்ட்டைச் சுருளில் செலுத்தும். நாம் வைத்த வரம்பைத் தொட்டதும் துண்டிக்கும். குறைந்ததும் மீண்டும் செலுத்தும். நொடிக்குப் பல ஆயிரம் முறை இது நடக்கிறது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். பவர் சப்ளையின் கம்பியில் அம்மீட்டரை மாட்டி, "அரை ஆம்பியர்தானே போகிறது, எப்படிச் சூடாகும்?" என்று கேட்பவர்கள் உண்டு. துண்டித்துத் துண்டித்துச் செலுத்துவதால் சப்ளையில் தெரியும் மின்னோட்டம் வேறு, சுருளில் ஓடுவது வேறு. சுருளில் ஒன்றரை ஆம்பியர் ஓடும்போதும் சப்ளையில் அதைவிட மிகக் குறைவாகவே தெரியும்.

## வெப்பம் எங்கே பிறக்கிறது

சுருளுக்குப் போகும் மின்னோட்டம் சிப்புக்குள் எப்போதும் இரண்டு டிரான்சிஸ்டர்களைக் கடந்தாக வேண்டும்: மேலே ஒன்று, கீழே ஒன்று. அவை முழுதாகத் திறந்திருக்கும்போதும் சிறிது மின்தடை மிச்சமிருக்கும். சிறிய இயந்திரங்களில் பரவலாக உள்ள ஏ4988 என்ற டிரைவர் சிப்பில் ஒவ்வொன்றுக்கும் சுமார் 0.32 ஓம், இரண்டும் சேர்ந்து 0.64 ஓம். வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கினால் கிடைப்பது. இரண்டு சுருள்களிலும் மின்னோட்டம் மாறி மாறி ஏறி இறங்கினாலும் அவற்றின் வர்க்கங்களின் கூட்டுத்தொகை மாறுவதில்லை. அதனால் நாம் வைக்கும் உச்ச வரம்பை அப்படியே கணக்கில் போடலாம்.

1. வரம்பு 1 ஆம்பியர்: 1 × 0.64 = 0.64 வாட்.
2. வரம்பு 1.5 ஆம்பியர்: 2.25 × 0.64 = 1.44 வாட்.
3. வரம்பு 2 ஆம்பியர்: 4 × 0.64 = 2.56 வாட்.

மின்னோட்டம் இரட்டித்தால் வெப்பம் நான்கு மடங்கு. இது சிப் குளிர்ந்திருக்கும்போது போடும் கணக்கு. சூடேற ஏற டிரான்சிஸ்டரின் மின்தடையும் ஏறுகிறது. நன்றாகக் கொதித்த நிலையில் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகும். சூடு மின்தடையைக் கூட்ட, மின்தடை சூட்டைக் கூட்ட, 2 ஆம்பியரில் 2.56 வாட் என்பது 3.8 வாட்டுக்குப் போய் நிற்கிறது. திறந்து மூடும் ஒவ்வொரு தடவையும் வீணாகும் சிறு சக்தி இதற்கு மேல். ஐந்து மில்லிமீட்டர் பக்கமுள்ள சதுரச் சிப்புக்கு இது பெருஞ்சுமை.

எல்298என் என்ற பழைய டிரைவர் சிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. பள்ளிச் செய்முறைப் பெட்டிகளில் பெரிய கறுப்பு ஹீட் சிங்க்குடன், அதாவது வெப்பத்தைக் காற்றுக்குக் கடத்தும் உலோகத் துண்டுடன், வருவது அதுதான். அதன் டிரான்சிஸ்டர்கள் வேறு வகை. 1 ஆம்பியரில் ஏறத்தாழ இரண்டு வோல்ட்டை அவையே விழுங்கிவிடும். சுருள் ஒன்றுக்கு இரண்டு வாட் வெப்பமாகவே போகிறது. அந்த ஹீட் சிங்க் அழகுக்கு வைத்ததல்ல. சிறு பொம்மை வண்டி ஓட்ட அது போதும்; ஸ்டெப்பர் மோட்டாருக்கு இன்று அதைத் தேர்ந்தெடுக்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

## 165 டிகிரி என்னும் கையிருப்பு

சிப்பில் பிறந்த வெப்பம் காற்றுக்குப் போயாக வேண்டும். அந்தப் பாதை எவ்வளவு இடைஞ்சலானது என்பதை ஒரு வாட்டுக்கு எத்தனை டிகிரி ஏறும் என்ற எண்ணால் சொல்கிறார்கள். ஏ4988-க்கு, நான்கு அடுக்குச் செம்பு கொண்ட சோதனை மின்சுற்றுப் பலகையில், அந்த எண் வாட்டுக்கு 32 டிகிரி. இனி 2 ஆம்பியர் கணக்கைத் தொடர்வோம்.

3.84 வாட் × 32 = ஏறத்தாழ 123 டிகிரி உயர்வு. இது சுற்றியுள்ள காற்றின் வெப்பத்துக்கு மேல் ஏறுவது. 25 டிகிரிச் சோதனைக்கூடத்தில் சிப்பின் உள்வெப்பம் 148 டிகிரி. தகரக் கூரைக்குக் கீழே, மூடிய பெட்டிக்குள் காற்று 42 டிகிரியாக இருந்தால் 165 டிகிரி. ஏ4988 தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும் எல்லையும் சுமார் 165 டிகிரிதான்.

காலைக்கும் மதியத்துக்கும் உள்ள வேறுபாடு இங்கே இருக்கிறது. மலேசிய வானிலை ஆய்வுத் துறை, ஓர் இடத்தின் அன்றாட உச்ச வெப்பம் தொடர்ந்து மூன்று நாள் 35 முதல் 37 டிகிரிக்குள் இருந்தால் முதல் நிலை எச்சரிக்கை விடுக்கிறது. அது நிழலில், காற்றோட்டமான இடத்தில் அளந்த எண். வெயிலில் காய்ந்த கூரைக்குக் கீழ் உள்ள பட்டறையில் இதைவிட ஏறும். பட்டறைக்குள் இருக்கும் மூடிய பெட்டிக்குள் இன்னும் ஏறும். சிப்பின் தரவுத்தாளிலோ பெரும்பாலான எண்கள் 25 டிகிரியை வைத்து எழுதப்பட்டவை. நம் ஊரில் அந்த 25 டிகிரி குளிர்சாதன அறைக்கு வெளியே கிடைப்பது அரிது. சம்பள நாளுக்கு முன்பே கிராணியிடம் முன்பணம் வாங்கியவர் போல, நம் பட்டறையில் இயங்கும் சிப் வேலை தொடங்கும் முன்பே தன் கையிருப்பில் ஒரு பகுதியைச் செலவழித்துவிட்டது.

உண்மையில் நிலைமை இந்தக் கணக்கைவிட மோசம். ஏ4988 சிப்பைப் பொருத்திக் கடையில் விற்கும் பலகையின் அளவு சுமார் 15க்கு 20 மில்லிமீட்டர். சோதனைப் பலகையின் விரிந்த செம்பு அதில் ஏது? ஹீட் சிங்க்கும் விசிறியும் இல்லாமல் அதில் 1 ஆம்பியர் வரைதான் நம்பலாம். சிப்பின் தாளில் உள்ள 2 ஆம்பியர் என்பது சிப்பால் முடியும் அளவு. அந்தப் பலகையால் முடியும் அளவன்று. விற்பனை விளம்பரங்களில் இந்த வேறுபாடு காணாமல் போய்விடுகிறது.

## சிப் பிழைத்துக்கொள்கிறது, வேலை கெடுகிறது

எல்லையைத் தொட்டதும் சிப் தன் வெளியீட்டை அணைத்துவிடுகிறது. சுமார் 15 டிகிரி குளிர்ந்ததும் தானாகவே மீண்டும் திறக்கிறது. எரிந்துபோகாமல் காக்கும் நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த இடைவெளியில் சுருளில் மின்னோட்டம் இல்லை, அச்சைப் பிடித்துக்கொள்ள ஆளில்லை. கட்டுப்பாட்டுப் பலகைக்கோ எதுவும் தெரியாது. ஸ்டெப்பர் அமைப்பில் "நகர்" என்ற கட்டளை மட்டுமே போகிறது. "நகர்ந்தேன்" என்ற பதில் வருவதில்லை. பலகை படிகளை எண்ணிக்கொண்டே போகும். சிப் விழித்தெழும்போது கணக்கில் உள்ள இடமும் உண்மையில் நிற்கும் இடமும் வேறாகிவிடும். அதன் பிறகு வெட்டுவது எல்லாமே தள்ளியே விழும். முப்பரிமாண அச்சு இயந்திரமாக இருந்தால், பாதி உயரத்தில் பொருள் ஒரு பக்கம் நழுவி நிற்கும்.

செங்குத்து அச்சில் நடந்தால் விளைவு இன்னும் கடுமை. பிடி தளர்ந்ததும் ரூட்டரின் தலை தன் எடையிலேயே இறங்கி, சுழலும் கத்தியோடு வெட்டும் பொருளில் பதிந்துவிடலாம். பிழைச்செய்தி வராது, விளக்கு எரியாது. சிப் குளிர்ந்து எல்லாம் ஒழுங்காக இருப்பது போலவே தோன்றும். மோட்டாரின் மேல் பழி விழுவது இதனால்தான்.

மோட்டாரைப் பொறுத்தவரை, 1.5 ஆம்பியரில் சுருள்களில் ஏறத்தாழ 3.4 வாட் வெப்பம் உண்டாகும். உறையின் வெப்பம் 60, 70 டிகிரி ஆவது இயல்பு. சுருளின் காப்பு பொதுவாக 130 டிகிரி வரை தாங்கும் வகை. கை வைக்க முடியாத சூடு மோட்டாருக்கு நோயல்ல. ஒரே விதிவிலக்கு: மோட்டாரைத் தாங்கும் பிடியைப் பிஎல்ஏ பிளாஸ்டிக்கில் அச்சிட்டிருந்தால், அது 60 டிகிரியை ஒட்டியே இளகத் தொடங்கும். அப்போது மோட்டார் சாய்ந்து பெல்ட் தளரும்.

## விசிறிக்கு முன் திருகாணி

வெப்பத்தை வெளியேற்றுவதைவிட அதை உண்டாக்காமல் இருப்பது மலிவு. மின்னோட்டத்தை 70 விழுக்காடாகக் குறைத்தால் மோட்டாரின் இழுவிசையும் ஏறத்தாழ 70 விழுக்காடாகும், வெப்பமோ பாதியாகிவிடும். சூடு குறைவதால் டிரான்சிஸ்டரின் மின்தடையும் அவ்வளவாக ஏறாது. மேலே பார்த்த 2 ஆம்பியரை 1.4 ஆக இறக்கினால், 123 டிகிரி உயர்வு 50 டிகிரியை ஒட்டி வந்துவிடுகிறது. இழந்த இழுவிசை பல வேலைகளில் தேவையே இல்லை. தேவைப்பட்டால் முடுக்கத்தைச் சிறிது குறைத்து ஈடுகட்டலாம்.

டிரைவர் பலகையில் உள்ள சிறு திருகாணியைத் திருப்பினால் ஒரு குறிப்பு மின்னழுத்தம் மாறும். அதுதான் மின்னோட்ட வரம்பை முடிவு செய்கிறது. ஏ4988-இல் அந்த மின்னழுத்தத்தை, உணர்மின்தடையின் (சுருளின் மின்னோட்டத்தை அளக்கப் பலகையில் வைத்த சிறு மின்தடை) எட்டு மடங்கால் வகுத்தால் வரம்பு கிடைக்கும். இங்கேதான் பலர் விழுகிறார்கள். ஒரே தோற்றமுள்ள பலகைகளில் வெவ்வேறு உணர்மின்தடைகள் இருக்கும். சிப்புக்குப் பக்கத்தில் உள்ள இரண்டு சிறு கறுப்புத் துண்டுகளில் அது எழுதப்பட்டிருக்கும். படிக்க உருப்பெருக்கியோ கைப்பேசிக் கேமராவோ வேண்டும்.

1. ஆர்100 என்றிருந்தால் 0.1 ஓம். 0.8 வோல்ட் வைத்தால் 1 ஆம்பியர்.
2. ஆர்068 என்றிருந்தால் 0.068 ஓம். அதே 0.8 வோல்ட்டுக்கு ஏறத்தாழ 1.47 ஆம்பியர்.
3. ஆர்050 என்றிருந்தால் 0.05 ஓம். அதே 0.8 வோல்ட்டுக்கு 2 ஆம்பியர்.

யாரோ காணொளியில் சொன்ன "0.8 வோல்ட்" என்ற எண்ணை நம்பி வைத்தவரின் சிப் மூன்றாம் வகைப் பலகையில் நான்கு மடங்கு வெப்பத்தைச் சுமக்கிறது. எண்ணைக் கடன் வாங்கக் கூடாது. சூத்திரத்தைக் கடன் வாங்கலாம்.

டிஆர்வி8825 என்ற இன்னொரு டிரைவர் சிப்புக்குச் சூத்திரமே வேறு. அதன் வழக்கமான 0.1 ஓம் பலகையில் குறிப்பு மின்னழுத்தத்தை இரண்டால் பெருக்க வேண்டும், 0.8 வோல்ட் என்றால் 1.6 ஆம்பியர். பழைய ஏ4988-ஐக் கழற்றி இதை மாட்டுபவர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: இரண்டு பலகைகளிலும் திருகாணி எதிரெதிர் முனைகளில் இருக்கும். திருகாணியின் திசையைப் பார்த்து மாட்டினால் பலகை தலைகீழாகும். மின்சாரம் கொடுத்ததும் முடிந்தது. முனைகளின் பெயரைப் படித்து மாட்டுவதுதான் வழி.

அளக்கும்போது மல்டிமீட்டரின் எதிர்முனையைத் தரை முனையிலும் நேர்முனையைத் திருகாணியின் மேலும் வையுங்கள். உலோகத் திருப்புளி வழுக்கினால் அருகிலுள்ள முனையைத் தொட்டுச் சிப்பைக் கொன்றுவிடும். செராமிக் திருப்புளி பாதுகாப்பு. மின்சாரம் இருக்கும்போது மோட்டார் கம்பியைக் கழற்றவே கூடாது. சுருளில் ஓடிய மின்னோட்டம் திடீரெனத் தடைபட்டால் எழும் மின்னழுத்தம் சிப்பைத் துளைத்துவிடும்.

நிற்கும் நேரத்தையும் பாருங்கள். டிஎம்542 போன்ற பெட்டி வகை டிரைவர்களில் நான்காவது சுவிட்சை அணைத்து வைத்தால், மோட்டார் நிற்கும்போது மின்னோட்டம் தானாகப் பாதியாகும்; வெப்பம் கால் பங்காகும். சிறு ரூட்டர்களின் கட்டுப்பாட்டுப் பலகையில் ஓடும் ஜிஆர்பிஎல் மென்பொருளில் $1 என்ற அமைப்பின் மதிப்பு 255 என்றிருந்தால், வேலை முடிந்த பிறகும் மோட்டார்கள் முழுப் பிடியில் நிற்கும். செங்குத்து அச்சு கீழே இறங்கிவிடும் இயந்திரத்துக்கு அது தேவை. மற்றவற்றுக்கு யோசித்து வைக்கலாம்.

## தகடும் காற்றும்

இதற்குப் பிறகுதான் ஹீட் சிங்க். சிப்பின் வெப்பம் வெளியேறும் முதன்மை வழி அதன் அடிவயிற்றில் உள்ள உலோகப் பட்டை. அது பலகையின் செம்பில் பற்றவைக்கப்பட்டிருக்கிறது. மேலே இருப்பது பிளாஸ்டிக். ஏ4988-இன் தலையில் ஒட்டும் சிறு அலுமினியத் துண்டு உதவும். ஆனால் அது நேர் வழியன்று. டிஎம்சி2209 போன்ற டிஎம்சி வகை டிரைவர் பலகைகள் பலவற்றில் சிப்பைப் பலகையின் கீழ்ப்பக்கம் வைத்து, செம்புத் தளம் மேலே தெரியும்படி செய்திருப்பார்கள். அங்கே ஹீட் சிங்க்கைப் பலகையின் முதுகில் ஒட்டுவது சரியே. எதில் ஒட்டினாலும் அது பக்கத்து முனைகளைத் தொடக் கூடாது. நம் வெயிலில் மலிவான ஒட்டுநாடா இளகித் துண்டு சரிந்து குறுக்குச் சுற்று ஏற்படுவது அரிதல்ல.

அசையாத காற்றில் இந்தச் சிறு ஹீட் சிங்க்கால் பெரும் பயனில்லை. 40 மில்லிமீட்டர் விசிறி ஒன்று பலகைகளின் மேல் நேராக வீசினால், சிப்பின் மேல் ஒட்டும் சிறு ஹீட் சிங்க்கைவிட அது நல்லது. பெட்டிக்கு உள்ளே வரவும் வெளியே போகவும் வழி வேண்டும். மூடிய பெட்டிக்குள் விசிறி வைத்தால் அதே சூட்டைத்தான் சுற்றிச் சுற்றி அடிக்கும். பவர் சப்ளையை அதே பெட்டிக்குள் அடைப்பது இன்னொரு தவறு. 85 விழுக்காட்டுத் திறனுள்ள சப்ளை 120 வாட் கொடுக்கும்போது தானே சுமார் 21 வாட்டைச் சூடாக வெளியிடும். நான்கு டிரைவர்கள் சேர்ந்து உண்டாக்குவதைவிட அது அதிகம். வெளியே எடுத்து வையுங்கள்.

தூசிக்குப் பயந்து பெட்டியை மூடுகிறார்கள் என்பது புரிகிறது. மரத்தூள் ஹீட் சிங்க்கின் இடுக்குகளில் அடைந்தால் போர்வைதான். எறும்பும் பல்லியும் வெதுவெதுப்பான பெட்டியை விடுவதில்லை. நுண்வலையும் கழற்றிக் கழுவும் வடிகட்டியும் வைத்து, பெட்டியை வெட்டும் மேசையிலிருந்து தள்ளி வைத்தால் இரண்டுக்கும் வழி கிடைக்கும். காற்றைத் தரைமட்டத்தில் எடுங்கள். கூரையை ஒட்டி இருப்பது பட்டறையிலேயே சூடான காற்று.

## சிப்பை மாற்ற வேண்டிய நேரம்

மின்னோட்டத்தை இதற்கு மேல் குறைக்க முடியாது, காற்றும் போதவில்லை என்றால் வேறு சிப். டிஎம்சி2209-இல் டிரான்சிஸ்டர் ஒன்றின் மின்தடை சுமார் 0.17 ஓம், ஒரே மின்னோட்டத்தில் ஏ4988-இன் ஏறத்தாழ பாதி வெப்பம்தான். நிற்கும்போது மின்னோட்டத்தைத் தானாகக் குறைக்கும். கட்டுப்பாட்டுப் பலகையோடு தகவல் பரிமாறும் கம்பியும் இணைத்தால் 120 டிகிரியிலேயே முன்னெச்சரிக்கை கொடுக்கும். அறிவிக்காமல் நின்றுவிடும் பழைய சிப்புகளைவிட இதுவே எனக்குப் பெரிய லாபமாகத் தெரிகிறது. நேமா 23 போன்ற பெரிய மோட்டார்களுக்கு இந்தச் சிறு பலகைகளே சரிவராது. உலோக உடலே ஹீட் சிங்க்காக இருக்கும் தனிப் பெட்டி டிரைவர் வேண்டும். அதை உலோகத் தகட்டில், துடுப்புகள் செங்குத்தாக நிற்கும்படி பொருத்த வேண்டும்.

## வெப்பம்தானா என்று அறிய

பணம் செலவழிக்கும் முன் செய்ய வேண்டிய சோதனை எளிது. பெட்டியின் மூடியைக் கழற்றி, மேசை விசிறியை நேராக டிரைவர் பலகைகளின் மேல் வைத்து, மதிய நேரத்தில் அதே வேலையை ஓட்டுங்கள்.

1. நழுவுவது நின்றாலோ வெகுநேரம் தள்ளிப்போனாலோ வெப்பம்தான். திருகாணியிலிருந்து தொடங்குங்கள்.
2. நேரம் எதுவானாலும் வரைபடத்தின் அதே இடத்தில் நழுவினால் அது இயந்திரக் கோளாறு: சிக்கும் தண்டவாளம், தளர்ந்த பெல்ட், அந்த இடத்தில் மட்டும் இழுபடும் கம்பி.
3. வேகமாகத் தாவும்போது மட்டும் நழுவினால், முடுக்கம் அதிகம் அல்லது மின்னோட்டம் போதவில்லை. இந்த ஒரு நிலையில் மட்டும் திருகாணியைச் சிறிது கூட்டலாம். கூட்டிய பின் விசிறிச் சோதனையை மறுபடியும் செய்யுங்கள்.
4. ஒரே அச்சு மட்டும் நழுவினால், மின்சாரத்தை முழுதாக அணைத்துவிட்டு, அதன் டிரைவர் பலகையைப் பக்கத்து அச்சின் பலகையோடு இடம் மாற்றுங்கள். கோளாறு பலகையோடு போனால் பலகையின் குற்றம்; அதே அச்சில் தங்கினால் மோட்டாரையோ கம்பியையோ பாருங்கள்.